முள் பூஜ்யத்துக்குப் போனா இன்ஜினை இறக்கணுமா?

ஆயில் ப்ரெஷர் இல்லை, இன்ஜினை இறக்கணும்னு யாராவது சொன்னா நான் கேக்குற முதல் கேள்வி இதுதான்: "அண்ணே, மெக்கானிக்கல் கேஜ் மாட்டிப் பார்த்தீங்களா?" இல்லைன்னு பதில் வந்தா ஸ்பேனரைத் தொட விடக்கூடாதுங்கிறது என் கட்சி. இவ்ளோ கறாரா பேசக் காரணம் ஈரோட்டுல இருக்கிற எங்க மாமாவோட பழைய மாருதி 800.

அந்த வண்டியில கம்பெனி குடுத்தது ஒரு சிவப்பு லைட் மட்டும்தான். பெரும்பாலான கார்கள்ல அந்த லைட் எரியுறப்போ ப்ரெஷர் அரை பாருக்கும் கீழ போயிருக்கும். அதனால மாமா தனியா ஒரு கேஜ் வாங்கி மாட்டினது நியாயம்தான். மாட்டி ஒரு மாசத்துல முள் திடீர்னு பூஜ்யத்துக்கு விழ ஆரம்பிச்சுது. மெக்கானிக் "பேரிங் தேஞ்சு போச்சு, இருபதாயிரம் ஆகும்"னார். மாமாவோ, "லைட் எரியலையே மாப்ளே, வண்டி நல்லாத்தான் இருக்கு"ன்னு கோயமுத்தூர் கெளம்பத் தயாரா நின்னார்.

ரெண்டு பேர் சொன்னதும் எனக்கு ஒப்பலை. முள் பூஜ்யம் காட்டினா, பொய்னு நிரூபிக்கிற வரைக்கும் அது நிஜம். உடனே இன்ஜினை அணைச்சுட்டு டிப்ஸ்டிக்கைப் பார்க்கணும். பார்த்தோம், ஆயில் அளவு சரியா இருந்துச்சு. இன்ஜின்ல தட்டுற சத்தமும் இல்லை.

அடுத்தது முள்ளோட நடத்தை. நிஜமான ப்ரெஷர், இன்ஜின் சூடாக ஆக மெதுவா இறங்கும், ரேஸ் பண்ணினா ஏறும். இந்த முள் 40 psi-ல இருந்து ஒரே தாவுல பூஜ்யம், ஸ்பீட் பிரேக்கர்ல குதிச்சா மறுபடி 40. ஆயிலுக்கு ஏதுங்க ஸ்பீட் பிரேக்கர் :-)

சென்டர் ஒயரைக் கழட்டினா முள் பூஜ்யம். ஒயரை ஒரு நொடி இன்ஜின்ல தொட்டா ஃபுல். ஆக மீட்டரும் ஒயரும் ஓகே. (இது 240-33 ஓம் வகை. 10-180 ஓம் வகையில இது அப்படியே தலைகீழ்.) மிச்சம் இருந்தது சென்டர் பக்கம்.

அங்க பார்த்தா, டீ ஜாயின்ட் மரையில பிளம்பர் வெள்ளை டேப்பை ஏழெட்டுச் சுத்து சுத்தி வச்சிருக்காங்க. இந்த சென்டருக்கு ஒரே ஒயர்தான். எர்த் வர்றது அதோட உடம்பு வழியா, மரை வழியாத்தான். டேப் அதை மறிச்சிருச்சு. லைட்டுக்கான சுவிட்சும் அதே டீ-யிலதான் உக்கார்ந்திருந்துச்சு! சாவியைத் திருப்பி, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாம இருந்தா அந்த லைட் எரியணும். எரியலை. மாமா தைரியமா நம்பின லைட் மாசக்கணக்கில் செத்துக் கிடந்திருக்கு. நிஜமாவே பம்ப் போயிருந்தா, இன்ஜின் ஜாம் ஆகுற வரைக்கும் அது வாயே திறந்திருக்காது. எனக்கு வயித்தைக் கலக்குனது இதுதான். கேஜ் 10-180 வகையா இருந்திருந்தா இன்னும் மோசம். இதே கோளாறுக்கு முள் ஜாலியா ஃபுல்லுல நின்னிருக்கும்.

டேப்பைக் கண்டுபிடிச்சதால மட்டும் இன்ஜின் நல்லா இருக்குன்னு ஆயிடாது. தெரிஞ்ச டிராக்டர் பட்டறையில மெக்கானிக்கல் கேஜ் இரவல் வாங்கி அதே ஓட்டையில மாட்டினோம். நல்லா சூடான பிறகு ஐடிலிங்ல 18 psi, 3000 ஆர்பிஎம்ல 45. ஆயிரம் ஆர்பிஎம்முக்கு 10 psi-ங்கிறது பொதுவான குத்துமதிப்புக் கணக்கு. அதுக்கு மேலயே இருக்கு. டேப்பை உரிச்சு, மரையைச் சுத்தம் பண்ணி, சென்டர் உடம்புல இருந்து இன்ஜின் பிளாக்குக்கு தனியா ஒரு எர்த் ஒயரும் இழுத்தோம். லைட்டும் எரிஞ்சுது, முள்ளும் நின்னுது.

மெக்கானிக் ஏமாத்தினார்னு சொல்ல வரலை. முள்ளைப் பார்த்தார், வண்டி வயசைப் பார்த்தார், முடிவு பண்ணிட்டார். ஆபீஸ்ல டேஷ்போர்டு சிவப்பா ஆனதும் சர்வரைக் கழட்டியா போடுறோம்? அந்த எண் எங்கருந்து வருதுன்னுதானே முதல்ல பார்க்கிறோம். பொட்டி தட்டுறவனுக்கு இருக்கிற அந்தச் சந்தேகம் பட்டறையிலயும் வேணும்.

என் முக்கால்வாசிக் கோபம் கேஜ் விக்கிறவங்க மேலதான். மாமா வாங்கின டப்பாவுல குரோம் ரிங், நீல லைட்னு எல்லாம் போட்டிருந்துச்சு, ஓம் ரேஞ்சைக் காணோம். டேப் சுத்தாதேன்னு ஒரு வரியும் இல்லை. நாளைக்கு சென்டர் மட்டும் போனா எதைப் பார்த்து வேற வாங்குறது? வாங்குற அன்னிக்கே மீட்டர் வச்சு அளந்து டப்பா மேல எழுதி வச்சிருங்க.