ரயில் தாண்டும் எல்லையை அட்டை தாண்டக் கூடாதா?

காலை பாசஞ்சர் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் நிற்கும்போது, கரண்டியும் ரசமட்டமும் பையில் சுமந்த கொத்தனார்கள் இறங்குவதை நாம் தினமும் பார்க்கிறோம். வீடு விளவங்கோடு தாலுகாவில், கூலி கேரளத்தில். 1956 நவம்பர் 1ஆம் தேதி மாநில எல்லைக் கோடு போடப்பட்டது. வயிற்றுக்கு அந்தக் கோடு தெரியாது.

சென்ற மழைக்காலத்தில் இப்பக்கம் ஒரு கொத்தனார் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஓர் அலுவலகத்தில், "உமது அட்டை தமிழ்நாட்டு அட்டை" என்றார்கள். மற்றோர் அலுவலகத்தில், "வேலை நடந்தது கேரளத்தில்" என்றார்கள். வட்டிப் பணத்தில் வைத்தியம் நடந்தது. மகன் படிப்பை நிறுத்திக் கையாள் வேலைக்குப் போகிறான்.

நாம் கேட்பது தர்மமல்ல. 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டுமானச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் தீர்வை வசூலாகி, கட்டிடம் எழும் மாநிலத்தின் நல வாரியத்துக்குச் சேர்ந்தது. 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்தத் தீர்வை தொடர்கிறது. பலருடைய உழைப்பில் சேரும் பணம், விழுந்த ஒருவரைத் தூக்கிவிடுவதற்கே. தூக்கிவிடாவிட்டால் செலவு மறைந்துபோகாது; பள்ளியை விட்ட பிள்ளையின் தலையில் விடியும்.

இங்கிருந்து மும்பைக்கு டிக்கெட் எடுப்பவர் வழியில் இறங்கி வேறு டிக்கெட் வாங்குவதில்லை. ரயில்வே மண்டலங்கள் தங்களுக்குள் கணக்குப் பார்த்துப் பணத்தைப் பிரித்துக்கொள்கின்றன. இரண்டு வாரியங்களால் இது ஆகாதா?

வெளிமாநிலத் தொழிலாளருக்கென 2010லேயே திட்டம் கொண்டுவந்த கேரளத்தைப் பாராட்ட வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ள தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும், வேலை செய்யும் மாநிலத்தின் தீர்வை நிதியிலிருந்து இடம்பெயர்ந்தோர் பலன் பெற வழிசெய்யும் திட்டம் வேண்டும் என்கிறது. ஆனால் தானாக வந்து வேலை தேடிக்கொண்டவர் மாதம் 18,000 ரூபாய்க்குள் சம்பாதித்தால்தான் இடம்பெயர்ந்த தொழிலாளியாம்! நாளுக்கு 700 ரூபாய் வீதம் 26 நாள் உழைத்தால் 18,200 ஆகிறது. இருநூறு ரூபாய்க்காக ஒருவர் கணக்கிலிருந்தே விழுந்துவிடுவது நியாயமா?

அந்த வரம்பை உயர்த்த வேண்டும். இரு மாநில வாரியங்களும் களியக்காவிளையில் கூட்டாக ஒரு பதிவு அலுவலகம் திறக்க வேண்டும். தொழிலாளத் தோழர்களும் சும்மா இருக்கலாகாது. வாரியப் பதிவுக்கு ஆண்டில் 90 நாள் வேலை செய்ததைக் காட்ட வேண்டும். நாட்களை நோட்டில் குறித்து மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். சாரத்தில் ஏறுமுன் செய்ய வேண்டிய வேலை இது.