வரிசையில நிக்கிறதுக்கும் காசு வேணும்

"இலங்கையில வைத்தியம் இலவசம்." பள்ளிக்கூடக் கட்டுரையில இருந்து தேர்தல் மேடை வரைக்கும் நாங்கள் கேட்டு வளர்ந்த வசனம் இது. பொய்யில்லை. அரச ஆஸ்பத்திரியில ஒப்பரேஷன் செய்து பத்து நாள் வாட்டில கிடந்தாலும் பில் வராது. ஆனால் பில் வராததும் செலவு வராததும் ஒண்டில்லை. அந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் கொஞ்சம் கதைக்க வேணும் எண்டு நினைக்கிறோம்.

முதல்ல பில் வருகிற ஒரு நாட்டைப் பார்ப்போம். சுகாதாரத்துக்கு உலகத்திலேயே அதிகம் செலவழிக்கிற நாடு ஐக்கிய அமெரிக்கா. அப்படியிருந்தும் 2023இல் அங்கு ஏறக்குறைய 26 மில்லியன் பேரிடம் மருத்துவக் காப்புறுதி இல்லை. இன்சுலினின் கதையைக் கேளுங்கோ. 1923இல் அதன் காப்புரிமையைக் கண்டுபிடிப்பாளர்கள் டொரொன்டோ பல்கலைக்கழகத்துக்கு விற்றது தலா ஒரு டொலருக்கு. ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து, 2019இல் வெளிவந்த யேல் பல்கலைக்கழக ஆய்வொன்று ஒரு நீரிழிவு கிளினிக்கின் நோயாளர்களிடம் விசாரித்தது. நாலு பேரில் ஒருவர், விலை கட்டுப்படியாகாமல் இன்சுலினைக் குறைத்துப் போட்டதாகச் சொன்னார். மருந்து இருக்கு, ஆனால் காசு இருக்கிறவருக்குத்தான் முழு டோஸ்.

அப்ப இலவசமாக்கினால் எல்லாம் சரியாகுமா? பிரித்தானியா 1948இலேயே தேசிய சுகாதார சேவையைத் தொடங்கிவிட்டது. ஆனாலும் வேல்சில் ஒரு சுரங்கக் கிராமத்தில் டொக்டராக வேலை செய்த ஜூலியன் டியூடர் ஹார்ட், 1971இல் லான்செட் சஞ்சிகையில் ஒரு கசப்பான உண்மையை எழுதினார். நல்ல வைத்தியம் ஆருக்கு அதிகம் தேவையோ, அவருக்குத்தான் அது குறைவாகக் கிடைக்கிறது எண்டார். கட்டணத்தை எடுத்துவிட்டாலும், நோய் கூடிய ஏழை ஊர்களில் டொக்டர்மார் குறைவாகவும் ஒவ்வொருவருக்கும் நோயாளர் கூடுதலாகவும் இருந்தார்கள்.

தாய்லாந்து இதை வேற மாதிரிக் கையாண்டது. 1997 நிதி நெருக்கடியில அடிபட்டு ஐந்தே வருஷத்தில, 2002க்குள்ள, 30 பாட் திட்டத்தை நாடு முழுக்கக் கொண்டு வந்தது. ஒருமுறை வைத்தியம் பார்க்க 30 பாட், அப்ப ஒரு டொலரும் வராது. அதைவிட முக்கியம், அதுக்குப் பல வருஷம் முன்னமே மாவட்டம் மாவட்டமாக ஆஸ்பத்திரி கட்டி, மருத்துவம் படித்து வெளிவருகிறவர்களைக் கட்டாய சேவைக்குக் கிராமங்களுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தது. முதல்ல தூரத்தைக் குறைச்சது, பிறகு காசைக் குறைச்சது.

இப்ப எங்கட பக்கம் வருவோம். முல்லைத்தீவில நாட்கூலிக்குப் போகிற ஒருவருக்கு யாழ்ப்பாணத்தில கிளினிக் எண்டால், விடியமுன்னம் பஸ் எடுக்க வேணும். அண்டைய கூலி போச்சு. துணைக்கு வாற ஆளின்ர கூலியும் போச்சு. நம்பர் எடுத்துக் காத்திருந்தால், "இந்த டெஸ்டை வெளியில செய்துகொண்டு வாங்கோ" எண்டு ஒரு துண்டு கையில வரும். காசு இருக்கிறவர் அதே டொக்டரைப் பின்னேரம் சனல் பண்ணி, ஆறுதலாக இருந்து கதைத்துவிட்டு வருவார். நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில பாதிக்குக் கிட்ட சனத்தின்ர சொந்தப் பையில இருந்துதான் போகுது. 2022 நெருக்கடியில ஆஸ்பத்திரிகளிலேயே மருந்து முடிஞ்சு, வெளியில வாங்கச் சொன்னபோது, வாங்க ஏலாதவருக்கு "இலவசம்" எண்ட சொல்லு மட்டும்தான் மிஞ்சினது.

எங்களைப் பயப்படுத்துவது இன்னொரு விசயம். வசதி வந்ததும் முதல்ல வரிசையை விட்டுப் போறது ஆர்? படிச்ச ஆக்கள், உத்தியோகத்தர்மார், நாலு இடத்தில கதைத்துக் காரியம் பார்க்கத் தெரிஞ்ச ஆக்கள். ஸ்கான் மிஷின் பழுதாகி மாசக்கணக்கில கிடந்தாலும் அவர்களுக்குத் தெரிய வராது. கேள்வி கேட்கக்கூடிய ஆக்கள் போன பிறகு, வரிசையில நிக்கிறவருக்காக ஆர் கதைக்கிறது? ஏழைகளுக்கு மட்டும் எண்டு ஆகிற சேவை, மெல்ல மெல்ல ஏழ்மையான சேவையாகத்தான் ஆகும்.

அதனால பிரைவேட்டை மூடச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. கேட்கிறது சின்ன விசயங்கள்தான். கிளினிக்குக்கு நேரம் குறித்துக் கொடுங்கோ. கூலி வேலைக்குப் போற ஆக்களுக்காகப் பின்னேரக் கிளினிக் வையுங்கோ. வெளி டெஸ்டுக்கு எழுதப்படும் துண்டுகளை ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் மாசாமாசம் எண்ணிச் சொல்லட்டும். எண்ணினால்தான் எது இல்லை எண்டு தெரியும். தூர மாவட்டங்களுக்கு விசேட வைத்தியர்கள் போய் நிண்டு வேலை செய்ய, வீடும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் ஒழுங்கு செய்யுங்கோ.

இதைக் கேட்கிறது பிச்சையில்லை. கடையில சவர்க்காரம் வாங்கும்போது 18 வீத வற் வரியைக் கூலிக்குப் போறவரும் கட்டுறார். ஆஸ்பத்திரிக்கான காசை அவர் ஏற்கனவே குடுத்திட்டார்.