'முந்நூறுக்கு ஊட்டியிலயே கிடைக்குதே!' - கையில் பின்னிய குழந்தை ஸ்வெட்டருக்கு என்ன விலை?

போன மாதம் எங்க பெரியம்மாவுக்கு ஒரு போன் வந்தது. தெரிந்தவர்கள் வீட்டுக் குழந்தைக்கு இரண்டு வயசு ஆகப்போகிறது, பிறந்தநாளுக்கு ஊட்டி போகிறார்கள், கையில் பின்னின ஸ்வெட்டர் ஒன்று வேணும். கலர் என்ன, பட்டன் எப்படி, காலர் வைக்கணுமா வேண்டாமா என்பது வரைக்கும் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. விலை பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

ஸ்வெட்டரை வாங்கிக்கொள்ள வந்த அன்று 500 ரூபாய் நோட்டு ஒன்றை நீட்டினார்கள். "முந்நூறுக்கு ஊட்டியிலயே கிடைக்குதுங்க. நீங்க கையில பண்ணீருக்கீங்களேன்னு சேர்த்தித் தர்றேன்." பெரியம்மா சிரித்துக்கொண்டே வாங்கி, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

எனக்குத்தான் கோபம். ஆனால் கோபப்படுவதற்கு முன்னால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஆபீஸ் தோழி ஒருத்திக்காக இதே பெரியம்மாவிடம் 600 ரூபாய்க்கு ஒரு ஸ்வெட்டர் பின்னி வாங்கிக் கொடுத்தவள் நான். 'நல்ல விலை வாங்கிக் கொடுத்துட்டோம்' என்ற பெருமை வேறு. அப்போது நான் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. இப்போது போட்டேன்.

கோயம்புத்தூர்ல ஸ்வெட்டர் எதுக்கு?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். மார்ச் மாதம் வந்தால் ஃபேன் காற்றே சுடுகிற ஊர்தான். ஆனால் மார்கழி, தை விடியற்காலையில் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது இங்கே சாதாரணம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு. ஊட்டி, குன்னூர், வால்பாறை எல்லாம் காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடுகிற தூரம். அதனால் நம்ம பக்கம் பிறக்கும் குழந்தைக்கு முதல் ஒரு வருஷத்துக்குள் ஒரு ஸ்வெட்டராவது வந்து சேர்ந்துவிடும். பெரும்பாலும் கடையில் வாங்கியது. சில வீடுகளில் அமுச்சியோ அத்தையோ பின்னியது.

18,000 கண்ணி

இரண்டு வயசுக் குழந்தையின் மார்புச் சுற்றளவு சுமாராக 53 செ.மீ. கொஞ்சம் தளர்வாக இருக்க 60 செ.மீ. சுற்றுக்குப் பின்னுவார்கள். 4 எம்.எம். ஊசியில், நடுத்தரத் தடிமன் நூலில், 10 செ.மீ. அகலத்துக்கு 22 கண்ணி வரும். ஆக, உடம்பைச் சுற்றி ஒரு வரிசைக்கு 132 கண்ணி. 34 செ.மீ. உயரத்துக்குச் சுமார் 100 வரிசை. கழுத்துக்கும் கைக்கும் குறைத்தது போக உடம்புக்கு மட்டும் 11,000 கண்ணிக்கு மேல். இரண்டு கைக்கும் சேர்த்து இன்னொரு 5,800. பட்டன் பட்டை, கழுத்துப் பட்டை ஒரு ஆயிரம். மொத்தம் கிட்டத்தட்ட 18,000 கண்ணி.

பெரியம்மா பின்னும்போது போனில் டைமர் வைத்துப் பார்த்தேன். நிமிஷத்துக்கு 20 கண்ணி. டி.வி. ஓடினால் இன்னும் கம்மி. அப்படியே வைத்துக்கொண்டாலும் 15 மணி நேரம். அதுக்கு மேலே துண்டுகளைச் சேர்த்துத் தைப்பது, நூல் முனைகளை உள்ளே மறைப்பது, பட்டன், அலசிக் காயவைப்பது எல்லாம் சேர்த்து 5 மணி நேரம். நடுவில் ஒரு கண்ணி நழுவி, பத்து வரிசை பிரித்து மறுபடி பின்னிய நேரத்தை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

20 மணி நேரம். இப்போது விலைக்கு வருவோம்.

குழந்தைக்கு அரிக்காத நூல் 200 கிராம், டவுன்ஹால் பக்கம் வாங்கியது, ரூ.300. பட்டன் ரூ.40. கொடுத்த ரூ.500-ல் இதைக் கழித்தால் மீதி ரூ.160. அதை 20 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 8 ரூபாய். எட்டு ரூபாய்க்கு எங்க தெருக்கோடி பேக்கரியில் ஒரு டீ கூட வராது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு எண். 100 நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26-க்கு அறிவிக்கப்பட்ட தினக்கூலி ரூ.336. இதைவிடக் கம்மியாக யாருக்கும் கொடுக்கச் சொல்ல யாருக்கும் மனசு வராது என்று நினைக்கிறேன். எட்டு மணி நேரத்துக்கு அந்தக் கூலி என்று வைத்தால் மணிக்கு ரூ.42. 20 மணி நேரத்துக்கு ரூ.840. நூலும் பட்டனும் சேர்த்தால் ரூ.1,180. இதில் லாபம் கிடையாது, கைத்திறனுக்கென்று தனியாக ஒரு பைசாவும் கிடையாது. பின்னல் தெரியாத ஒருவருக்கும் கிடைக்கிற கூலி இது.

ஊட்டியில் முந்நூறுக்கு எப்படிக் கிடைக்குது?

'அங்க மட்டும் எப்படிக் கட்டுப்படியாகுது?' நியாயமான கேள்வி.

ஊட்டியில் தாவரவியல் பூங்கா பக்கம் திபெத்தியர்கள் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். அகதிகளாக வந்த ஆரம்ப காலத்தில் இந்தியாவின் பல ஊர்களில் அவர்கள் கையால் பின்னியே விற்றார்கள். பிறகு பஞ்சாபின் லூதியானாவில் மொத்தமாகக் கொள்முதல் செய்து விற்பதற்கு மாறினார்கள். இன்றைக்கு அந்த மாதிரிக் கடைகளில் தொங்குவதில் பெரும்பாலானவை மெஷின் ஸ்வெட்டர்கள்தான். அதில் தப்பே இல்லை. மெஷின் ஸ்வெட்டரும் குளிர் தாங்கும். பட்ஜெட் முந்நூறுதான் என்றால் தாராளமாக அதையே வாங்குங்கள். அந்த விலையைக் கொண்டுவந்து கையால் பின்னியவரின் முகத்துக்கு நேரே வைப்பதுதான் பிரச்சினை.

கையா மெஷினா என்று கண்டுபிடிக்க, ஸ்வெட்டரை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். தையல் ஓரத்தில் துணியை வெட்டி ஓவர்லாக் அடித்திருந்தால் மெஷின் துணி. கையால் பின்னியதில் வெட்டின ஓரமே இருக்காது. ஒவ்வொரு துண்டும் அதே அளவுக்கே பின்னப்பட்டிருக்கும். (வெட்டாமல் அளவுக்குப் பின்னும் மெஷின்களும் உண்டு. அதனால் கண்ணிகள் லேசாக ஏறி இறங்கியிருக்கின்றனவா என்றும் பாருங்கள்.) இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஒற்றைக் கொக்கி ஊசியில் போடுகிற குரோஷா வேலையை அச்சு அசலாகச் செய்யும் மெஷின் சந்தையில் இல்லை. ஆக, நிஜமான குரோஷா ஃபிராக் ஒன்று ஆன்லைனில் ரூ.400-க்கு வருகிறது என்றால், எங்கேயோ ஒருவருக்கு மணிக்கு எட்டு ரூபாயோ அதற்கும் கீழேயோதான் போயிருக்கிறது.

மெஷின் துணியில் செய்ய முடியாத ஒன்று கைப்பின்னலில் உண்டு. குழந்தை வளர்ந்ததும் கையையும் கீழ் ஓரத்தையும் பிரித்து நீட்டிவிடலாம். முழுசாகப் பிரித்து அதே நூலில் தம்பிக்கோ தங்கைக்கோ வேறு டிசைனில் பின்னலாம். எங்க வீட்டில் அக்காவின் மெரூன் ஸ்வெட்டர்தான் எனக்கு மெரூனும் வெள்ளையுமாக வந்தது. வெட்டித் தைத்த துணியைப் பிரித்தால் துண்டு துண்டு நூல்தான் மிஞ்சும்.

பீஸ் ரேட் தெரிந்த ஊர்

இந்த விலைப் பேச்சு வேறு எங்கேயாவது நடந்திருந்தால் இவ்வளவு உறுத்தியிருக்காது. நாம் இருப்பது திருப்பூருக்குப் பக்கத்தில். நீங்கள் போட்டிருக்கும் டி-ஷர்ட்டை போன் கேமராவில் ஜூம் பண்ணிப் பாருங்கள். வரிசை வரிசையாகக் குட்டிக் குட்டி 'வி' தெரியும். ஸ்வெட்டரில் கண்ணுக்குத் தெரிகிற அதே கண்ணிதான், மெல்லிசு நூலில். 'பின்னலாடை' என்ற பெயரே அதனால்தான். இங்கிலாந்தில் 1589-ல் வில்லியம் லீ உருவாக்கிய காலுறை பின்னும் சட்டம்தான் இந்த மெஷின்களுக்கெல்லாம் பாட்டன். கையால் பின்னிப் பிழைப்பவர்கள் கதி என்னாகும் என்று கேட்டு, முதலாம் எலிசபெத் ராணி அவருக்கு உரிமம் தர மறுத்தார் என்று ஒரு கதையும் உண்டு.

அந்த மெஷின் வழி வந்த தொழிலில் நம்ம ஆட்கள் கூலியைப் பைசாக் கணக்கில் பேசுவார்கள். பனியன் கம்பெனியில் ஷிப்ட்டுக்கு எவ்வளவு, பீசுக்கு எவ்வளவு, கை மடிக்க எவ்வளவு, செக்கிங்குக்கு எவ்வளவு என்பது தெரியும். பவர் டேபிள் கூலி ஒப்பந்தம் எத்தனை சதவீதம் என்று வாரக்கணக்கில் பேச்சுவார்த்தை நடக்கும். கேட்கிற கூலி வரவில்லை என்றால் வேலைநிறுத்தமும் நடக்கும். அப்படிப்பட்ட மண்ணில், திண்ணையில் உட்கார்ந்து பின்னுகிற பெண்ணிடம் மட்டும் பீஸ் ரேட் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை.

ஏன்? அது 'சும்மா இருக்கிற நேரத்தில்' செய்வதாம்.

பெரியம்மாவின் நாளைப் பார்த்தேன். காலை ஐந்தரைக்கு எழுந்து வாசல் கூட்டி, சமையல், மாமனாருக்கு மருந்து, துணி, மறுபடி சமையல். ஊசியைக் கையில் எடுப்பது மத்தியானம் இரண்டு மணிக்கு மேல். இதில் சும்மா இருக்கிற நேரம் எது என்று கேட்டேன். "பொழுது போகோணுமல்ல கண்ணு" என்றார். மணிக்கட்டில் தைலம் தடவிக்கொண்டே சொன்னதுதான் வேடிக்கை.

இந்தப் பேச்சுக்கு ஒரு பெரிய உதாரணம் பக்கத்து மாநிலத்திலேயே இருக்கிறது. ஆந்திராவின் மேற்கு கோதாவரிப் பகுதியில் உள்ள நர்சாபூர், குரோஷா லேஸுக்குப் பேர் போனது. மிஷனரிகள் வழியாக வந்த கைவேலை, ஏற்றுமதித் தொழிலாகவே வளர்ந்தது. ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கே போய் ஆய்வு செய்து 1982-ல் புத்தகம் வெளியிட்டார். வீட்டில் உட்கார்ந்து தினமும் பல மணி நேரம் லேஸ் பின்னிய பெண்களை யாரும் தொழிலாளி என்று சொல்லவில்லை, 'வீட்டில் இருக்கிறவங்க' என்றார்கள். ஓய்வு நேர வேலை என்று பெயர் வைத்துவிட்டதால் கூலியும் ஓய்வு நேரத்துக்கு ஏற்றபடியே கிடைத்தது. லாபம் வியாபாரிகளுக்குப் போனது. அந்தப் புத்தகம் வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்களையும் மற்ற தொழிலாளர்களுக்குச் சமமாக நடத்த வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-ல் ஓர் உடன்படிக்கையே கொண்டுவந்தது. எண் 177. இந்தியா அதை ஏற்று உறுதி செய்யவில்லை. ஆனால் குழந்தை ஸ்வெட்டருக்குச் சரியான விலை கொடுக்க ஜெனீவா வரை போக வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

'அன்புக்கு விலை போடுவியா?'

இப்படி எழுதப்போகிறேன் என்றதும் வீட்டில் வந்த கேள்வி இது. அமுச்சி பேத்திக்குப் பின்னுவதற்கு யாரும் பில் போடச் சொல்லவில்லை. அது பரிசு. கலர் சொல்லி, சைஸ் சொல்லி, தேதி சொல்லிக் கேட்டால் அது ஆர்டர். ஆர்டருக்கு விலை உண்டு. இரண்டையும் நம் வசதிக்குக் குழப்பிக்கொள்கிறோம். கேட்கும்போது ஆர்டர், காசு கொடுக்கும்போது அன்பு.

என் யோசனை ரொம்பச் சின்னது. ஆர்டர் கொடுப்பவர் நூலை வாங்கிக் கொடுத்துவிடட்டும், இல்லையென்றால் முன்பணம் கொடுக்கட்டும். விலையை முதல் போனிலேயே கேட்டுவிடட்டும். பின்னுபவர் மணிக்கணக்கை ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். விலை சொல்லக் கூச்சமாக இருந்தால் அந்த நோட்டையே காட்டட்டும்.

பெரியம்மாவுக்கு நோட்டு வாங்கிக் கொடுத்துவிட்டேன். போன வாரம் அடுத்த போன் வந்தது, ஒரு வயசுப் பையனுக்கு. நான் பக்கத்தில் நின்று கண்ணைக் காட்ட, ரொம்பத் தயங்கி "ஆயிரத்து இருநூறு ஆகுமுங்க" என்றார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "வீட்டுல கேட்டுட்டுச் சொல்றனுங்க" என்று வைத்துவிட்டார்கள்.

"பார்த்தியா, உன்னால போச்சு" என்றார் பெரியம்மா. அன்னைக்கு ராத்திரி எட்டு மணிக்கு முன்பணம் 500 ரூபாய் அவர் போனுக்கு வந்தது. இப்போது நோட்டில் 'முதுகு - 4 மணி 20 நிமிஷம்' என்று எழுதியிருக்கிறார். கை இன்னும் ஆரம்பிக்கவில்லை.