‘சி’ ஃபைனல் ஹீரோ!

கேம்பஸ் இன்டர்வியூ லிஸ்ட்டில் உங்க பேர் இல்லையா? ரெண்டு அரியர் வேற பாக்கியா? அதுக்காக அணுபுரத்தில் ரூமுக்குள்ளேயே முடங்கிக் கிடக்காதீங்க. மாமல்லபுரம் பீச் வரைக்கும் பைக்கில் ஒரு ரவுண்டு வாங்க.

கட்டுமரத்தில் போகிற மீனவரைக் கவனிச்சிருக்கீங்களா? அவர் முகம் போகிற திசையைப் பார்த்தே இருக்கும். ஆனா, ஒலிம்பிக்கில் நடக்கிற ‘ரோயிங்’ அப்படியே உல்டா. முடிவுக் கோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து 2,000 மீட்டரும் துடுப்பு வலிக்கணும். பின்னால் வருகிறவர்கள் தெரிவார்கள். முந்திப் போனவர்கள் கண்ணில் பட மாட்டார்கள். கடைசியில் வந்தால், கண் முன்னே வெறும் தண்ணீர்தான்!

தண்ணீருக்கே தவித்த ஊரில் இருந்து இந்த விளையாட்டுக்கு வந்தவர் தத்து போகனல். மகாராஷ்டிராவின் நாசிக் மாவட்டத்தில் தளேகாவ் ரோஹி கிராமம். அப்பா கிணறு வெட்டும் தொழிலாளி. மகனும் கூடவே வெட்டினார். 2011-ல் அப்பா இறந்துவிட, 2012-ல் ராணுவத்தில் சேர்ந்தார். அங்கேதான் முதல்முறையா துடுப்பைப் பிடித்தார். அப்போ வயசு 21!

நாலே வருஷம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ரோயிங்குக்கு இந்தியாவில் இருந்து போனவர் அவர் ஒருத்தர்தான். ஊரிலோ, அம்மா தலையில் அடிபட்டுப் படுக்கையில் இருந்தார்.

காலிறுதியில் முதல் 3 பேருக்குத்தான் பதக்க வாய்ப்பு. தத்து 4-வது. அவ்வளவுதான், மெடல் கனவு காலி. மிச்சம் இருந்தது, 13-வது இடம் யாருக்கு என்று முடிவு செய்யும் ‘சி’ ஃபைனல். ஜெயிச்சாலும் கழுத்தில் எதுவும் விழாது. மனுஷன் என்ன செஞ்சார் தெரியுமா? மூச்சைக் கட்டி வலிச்சு, அந்தப் பந்தயத்தில் ஃபர்ஸ்ட் வந்தார்!

கதை அதோடு ‘சுபம்’ இல்லை. 2018 ஆசிய விளையாட்டில் தனிப் போட்டி ஃபைனலில் கடைசி. மறுநாளே சவர்ண் சிங், ஓம் பிரகாஷ், சுக்மீத் சிங் ஆகியோரோடு நால்வர் படகில் ஏறினார். தங்கம்! அப்புறமும் சோதனை விடவில்லை. அந்தத் தனிப் போட்டியைக் காரணம் காட்டி 2019-ல் ரோயிங் சம்மேளனம் 2 வருஷத் தடை போட்டது. 2020-ல் தடை நீங்கியது.

இப்போ உங்க விஷயத்துக்கு வாங்க. அரியர் பேப்பரில் பாஸானா யாரும் மாலை போட மாட்டாங்க. ஃபிளெக்ஸ் பேனரும் வைக்க மாட்டாங்க. ஆனாலும் எழுதித்தான் ஆகணும். அதுதான் உங்க ‘சி’ ஃபைனல். முந்திப் போனவங்களை எண்ணிக்கிட்டு இருக்கிற நேரத்தில் ஒரு யூனிட்டை முடிச்சிடலாமே?

பீச்சில் காத்து வாங்கினது போதும். கிளம்புங்க பாஸ், புக்கைத் திறங்க!