தீர்த்தக் குளமும் தீட்டும்

திருவண்ணாமலைக் கோயிலின் சிவகங்கைத் தீர்த்தம், மதிலுக்குள் அடைக்கப்பட்ட ஒரு குளியல் துறை. அதன் வரலாற்றைக் கேட்டால், 16ஆம் நூற்றாண்டில் கிருஷ்ணதேவராயர் ஆயிரங்கால் மண்டபத்தோடு சேர்த்து அமைத்தார் என்பார்கள். மண் சுமந்தவர்கள் யார், அந்த நீரைத் தொடக்கூடாது என்று தடுக்கப்பட்டவர்கள் யார் என்று யாரும் சொல்வதில்லை. கோயிலுக்குள்ளேயே விடப்படாத மக்களுக்கு மதிலுக்குள் இருந்த குளம் எப்படிக் கிடைத்திருக்கும்?

பொதுச் சாலையும் கிணறும் குளமும் எல்லோருக்கும் உரியவை என்று 1924இலேயே சென்னை சட்டமன்றம் தீர்மானித்தது. 1927இல் மகாடு சவுதார் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தார். சாதி இந்துக்கள் அந்தக் குளத்துக்குச் சாணமும் கோமியமும் ஊற்றித் 'தீட்டு' கழித்தார்கள். மாடு நனைத்தால் கெடாத நீர், மனிதர் தொட்டால் கெட்டுவிடுமாம்! சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் 1947இல்தான் முழுமையாக வந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 15(2)ஆம் பிரிவு கிணறு, குளம், குளியல் துறை என்று பெயர் சொல்லியே பாகுபாட்டைத் தடை செய்கிறது.

இதெல்லாம் பழங்கதையா? இதே மாவட்டத்தின் தென்முடியனூரில் தலித் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் செல்ல, 2023 ஜனவரியில் மாவட்ட ஆட்சியரும் போலீசும் உடன் வர வேண்டியிருந்தது.

அறநிலையத் துறைக்கு ஒரு கோரிக்கை. ஒவ்வொரு கோயில் குளத்தருகிலும் மன்னர் பெயரோடு இன்னும் இரண்டு வரிகளை எழுதி வையுங்கள்: இங்கே யார் தடுக்கப்பட்டார்கள், எந்தச் சட்டம் அந்தத் தடையை உடைத்தது. அதை எழுதாதவரை அது தல புராணம்தான், வரலாறு அல்ல.