குமிங்கா சம்பள இழுபறி: இளம் வீரருக்கு முன்கூட்டியே கோடிகளைக் கொடுக்கலாமா, காத்திருக்கலாமா?

வயது 22. கையில் ஒரு சாம்பியன்ஷிப் மோதிரம். ஆனாலும் கோடை முழுக்க ஒப்பந்தம் இல்லை. அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீகில், 2025 கோடையில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் வீரராக இருந்த ஜோனதன் குமிங்காவின் நிலைமை இதுவாகத்தான் இருந்தது. ஒருவழியாக, 2025 செப்டம்பர் 30-ம் தேதி, 2 ஆண்டுக்கு அதிகபட்சம் சுமார் 4.85 கோடி டாலர் என முடிவானது. இரண்டாவது ஆண்டில் அவர் இருப்பாரா, இல்லையா என்பதை அணியே தீர்மானிக்கும் என்பதுதான் அதிலிருந்த நிபந்தனை.

இந்த இழுபறிக்கு விதை போட்டது ஓராண்டுக்கு முன் எடுக்கப்படாத ஒரு முடிவு.

விதி என்ன சொல்கிறது?

என்பிஏ டிராஃப்டில் முதல் சுற்றில் தேர்வாகும் வீரருக்கு 4 ஆண்டு ஒப்பந்தம். சம்பளம் அவர் எத்தனையாவது இடத்தில் தேர்வானார் என்பதைப் பொறுத்தது. 3 சீசன் முடிந்ததும் ஜூலையில் ஒரு கதவு திறக்கும். அக்டோபரில் புதிய சீசன் தொடங்குவதற்கு முந்தைய நாள் அந்தக் கதவு மூடிவிடும். அதற்குள் அணியும் வீரரும் ஒத்துப்போனால் ஒப்பந்தம் நீட்டிக்கப்படும்.

ஒத்துப்போகாவிட்டால்? வீரர் நாலாவது ஆண்டை ஆடி முடித்துவிட்டு சந்தைக்கு வருவார். ஆனால் முழு சுதந்திரம் கிடையாது. வேறு அணி எவ்வளவு தர முன்வந்தாலும், அதே தொகையைக் கொடுத்து பழைய அணி அவரைத் தக்கவைத்துக் கொள்ளலாம். ஐபிஎல் ஏலத்தில் பார்த்த ஆர்டிஎம் கார்டு மாதிரிதான்.

குமிங்காவுக்கு என்ன நடந்தது?

காங்கோவின் கோமா நகரில் பிறந்த குமிங்கா, 2021 டிராஃப்டில் 7-வது வீரராகத் தேர்வானார். அடுத்த ஆண்டே வாரியர்ஸ் கோப்பை வென்றது. 2023-24 சீசனில் ஆட்டத்துக்கு சராசரியாக 16.1 புள்ளிகள் எடுத்தார்.

2024 அக்டோபரில் நீட்டிப்புக்கான கெடு வந்தது. அதே ஆண்டு அணிக்கு வந்த மோசஸ் மூடிக்கு ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. குமிங்காவுக்கு இல்லை.

அதற்கடுத்த சீசன் ஏற்ற இறக்கமாகவே போனது. ஜனவரியில் கணுக்கால் காயம், சுமார் 2 மாதம் ஓய்வு. அதற்குள் பிப்ரவரியில் ஜிம்மி பட்லர் அணிக்கு வந்துவிட்டார். பிளே-ஆஃப் முதல் சுற்றின் சில ஆட்டங்களில் குமிங்கா களமிறக்கப்படவே இல்லை. அடுத்த சுற்றில் மினசோட்டாவுக்கு எதிராக ஸ்டீஃபன் கரி காயமடைந்து வெளியேற, வாய்ப்பு கிடைத்த குமிங்கா ஒரே ஆட்டத்தில் 30 புள்ளிகள் அடித்தார். இவர் யார், பெஞ்சில் உட்கார வேண்டியவரா, 30 புள்ளி அடிப்பவரா? அணிக்கே விடை தெரியவில்லை.

வாரியர்ஸ் ஏன் தயங்கியது?

ஒரு காரணம், பழைய சூடு. 2022 அக்டோபரில் ஜோர்டன் பூல் என்ற இளம் வீரருக்கு இதே அணி 4 ஆண்டுக்கு 14 கோடி டாலர் வரையிலான நீட்டிப்பைக் கொடுத்தது. அடுத்த பிளே-ஆஃப்பில் பூல் சோபிக்கவில்லை. 2023 கோடையில் அவரை வாஷிங்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். நீட்டிப்பு கொடுத்து ஒரு வருடம்கூட முழுசாக ஆகவில்லை.

இன்னொரு காரணம், கணக்கு. 2025-26 சீசனுக்கான சம்பள உச்சவரம்பு சுமார் 15.46 கோடி டாலர். கரிக்கு 5.96 கோடி, பட்லருக்கு 5.41 கோடி, டிரேமண்ட் கிரீனுக்கு 2.59 கோடி. மூன்று பேருக்கே கிட்டத்தட்ட 14 கோடி போய்விடுகிறது. உச்சவரம்பைத் தாண்டலாம். ஆனால் 2023-ல் வந்த புதிய விதிகளின்படி, ஒரு எல்லைக்கு மேல் போனால் வீரர்களை மாற்றிக்கொள்வதில்கூட கடும் கட்டுப்பாடுகள் உண்டு. மூவரும் 35 வயதைத் தொட்டவர்கள், கோப்பைக்காக அதிக காலம் காத்திருக்க முடியாதவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

காத்திருந்தால் யாருக்கு லாபம்?

2025 கோடையைப் பொறுத்தவரை, அணிகளுக்குத்தான். வெளியே பணம் வைத்திருந்த அணிகள் மிகக் குறைவு. போட்டி இல்லாத ஏலத்தில் விலை எப்படி ஏறும்? குமிங்காவிடம் இருந்த ஒரே ஆயுதம், சுமார் 80 லட்சம் டாலருக்கு ஓராண்டு மட்டும் ஆடிவிட்டு, 2026-ல் முழு சுதந்திரத்துடன் வெளியேறுவது. புரூக்ளினின் கேம் தாமஸ் அந்த வழியில்தான் போனார். ஆனால் அந்த ஒரு வருடத்தில் பெரிய காயம் ஒன்று ஏற்பட்டால் எல்லாமே போச்சு. சிகாகோவின் ஜோஷ் கிடி மட்டும் பொறுத்திருந்து, 4 ஆண்டுக்கு 10 கோடி டாலர் பெற்றார்.

அப்போ காத்திருப்பதுதான் சரியா?

எப்போதும் இல்லை. 2012-ல் ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணி, ஜேம்ஸ் ஹார்டனுடன் தொகையில் ஒத்துப்போகாமல், சீசன் தொடங்க சில நாட்களே இருந்தபோது அவரை ஹூஸ்டனுக்கு அனுப்பியது. ஹூஸ்டன் 5 ஆண்டுக்கு 8 கோடி டாலர் கொடுத்தது. 2018-ல் ஹார்டன் லீகின் மிகச்சிறந்த வீரர் விருதை வென்றார். தண்டர் அணி கோப்பையைத் தொட 2025 வரை ஆனது.

அந்தக் கோப்பையை வென்ற அடுத்த மாதமே தண்டர் என்ன செய்தது தெரியுமா? செட் ஹோம்கிரன், ஜேலன் வில்லியம்ஸ் என்ற இரண்டு இளம் வீரர்களுக்கும் 5 ஆண்டு நீட்டிப்பைக் கொடுத்துவிட்டது. இம்முறை கெடு வரை பேரம் இழுக்கவில்லை.

அணி கேட்க வேண்டிய கேள்வி

தண்டருக்கு அந்த இருவரும் அணியில் என்ன வேலை செய்கிறார்கள் என்பது தெளிவாகத் தெரியும். அதனால் கேள்வி விலை மட்டும்தான். வாரியர்ஸுக்கு அந்தத் தெளிவே இல்லை. நான்கு ஆண்டு கழித்தும், குமிங்காவுக்கு நிரந்தர இடம் கொடுக்காமல் அவருடைய விலையைக் கணக்கிட முயன்றார்கள். விளைவு, இரு தரப்புக்கும் முழுத் திருப்தி தராத ஒரு குறுகிய ஒப்பந்தம்.

நீட்டிப்பு வேண்டாம் என்பதும் ஒரு நியாயமான முடிவுதான். ஆனால் அப்படி முடிவெடுத்த பிறகு, அந்த நாலாவது ஆண்டிலாவது வீரரை முழுசாக ஆடவைத்துப் பார்த்திருக்க வேண்டும். பரீட்சையே எழுத விடாமல் மார்க் போட்டால், அந்த மார்க்கை யார் நம்புவார்கள்?