கிருதுமாலின் நீர்வரத்தை மீட்க வேண்டும்

நாகமலை புதுக்கோட்டையை ஒட்டிய மலையடிவாரத்தில் பெய்யும் மழைநீரும் துவரிமான் கண்மாயின் மறுகால் நீரும் சேர்ந்து உருவாகும் சிற்றாறு கிருதுமால். மதுரையின் தென்பகுதி வழியாக ஓடி, சிவகங்கை, விருதுநகர், ராமநாதபுரம் மாவட்டக் கண்மாய்களுக்கு நீரூட்டிய ஆறு இது. பாகவதத்தின் மச்சாவதாரக் கதையில் வரும் கிருதமாலா இதுவே என்பது மரபு. இன்று நகருக்குள் இதில் ஓடுவது சாக்கடை. ஆற்றைச் சாக்கடையாகவே விட்டுவைப்பது ஏற்கத்தக்கதல்ல.

மதுரைச் சமவெளியின் மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. வைகைக்கு 1895 முதல் பெரியாற்று நீரும், 1959 முதல் வைகை அணையின் சேமிப்பும் துணை நிற்கின்றன. கிருதுமாலின் தலைப்பகுதிக்கு அத்தகைய அணை இல்லை. கண்மாய்களே அதன் சேமிப்பு. மேல்கண்மாய் பெருகி மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க்கண்மாய்க்கு வரத்து உண்டு. இடையில் ஒரு வரத்துக்கால்வாய் தூர்ந்தாலும் அதற்குக் கீழுள்ள ஆயக்கட்டு முழுவதும் காய்கிறது.

கரையைச் சுருக்கித் தரையில் கான்கிரீட் போடுவது தீர்வாகாது. நீர் விரைந்து வெளியேறலாம். ஆனால் மண்ணுக்குள் இறங்காது, நிலத்தடி நீர் ஊறாது. வழி குறுகினால் பெருமழை தெருவுக்குள் புகும். 2024 அக்டோபரில் மதுரையின் மற்றொரு நீர்வழியான பந்தல்குடி வாய்க்கால் நிரம்பிச் செல்லூர்ப் பகுதி வெள்ளத்தில் மூழ்கியது இதற்குச் சான்று.

விரகனூர் மதகணையிலிருந்து வைகை நீரைத் திறந்துவிட்டால் கிருதுமால் பாசனத்துக்குப் போதும் என்ற வாதம் உண்டு. அந்த நீர் நகருக்குக் கீழுள்ள பகுதிக்கே பயன்படும். மேல்பகுதி வறண்டே கிடக்கும். மேலும், அணை நீரை மதுரையின் குடிநீரும் பெரியாறு–வைகை ஆயக்கட்டும் ஏற்கெனவே பங்கிட்டுக்கொள்கின்றன. உள்ளூர் மழையைச் சேமிக்கத் தவறிவிட்டு அணையையே நம்புவது, வறட்சி ஆண்டில் எல்லோருக்கும் பற்றாக்குறையைத் தரும்.

செய்ய வேண்டியவை தெளிவானவை. கழிவுநீர் ஆற்றில் கலக்காதபடி மாநகராட்சி குழாய்களில் திருப்பிச் சுத்திகரிக்க வேண்டும். 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தின்படி நீர்வளத்துறை கண்மாய்களின் எல்லையை அளந்து கல் நட வேண்டும். அகற்றப்படும் ஏழைக் குடும்பங்களுக்கு நகருக்குள்ளேயே மாற்று வீடு தர வேண்டும். துவரிமான் மறுகாலிலும், ஆறு நகருக்குள் நுழையும் இடத்திலும், வெளியேறும் இடத்திலும் அளவுகோல் பதித்து, பருவமழைக் காலத்தில் தினமும் நீரோட்டத்தைக் கன அடியில் வெளியிட வேண்டும். எவ்வளவு நீர் வருகிறது, எங்கே தொலைகிறது என்ற கணக்கு இருந்தால்தான் கடைமடை விவசாயி தன் பங்கைக் கேட்டுப் பெற முடியும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே அரசு இப்பணியைத் தொடங்க வேண்டும்.